பதினான்காம் பக்கத்து மணி

அத்தியாயம் 11

ஜூடித் கேட்டு வாங்கிய கெடு அன்றோடு முடிந்தது.

போன வாரம் மாமியார் அம்புஜம் கறாராகவே பேசிவிட்டிருந்தாள். சர்ச் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை காத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு, முகம் தெரியாத ஜனங்களுக்காக ஒரு மருமகள் வீட்டிலேயே உட்கார்ந்து பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருப்பது என்ன பிழைப்பு என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க அத்தை. இந்த புக்கை முடிச்சுடறேன். அடுத்த புக்கும் உனக்குத்தான்னு கம்பெனியில சொன்னா இதையே பாக்கறேன். இல்லன்னா ஸ்கூலுக்குப் போயிடறேன்" என்றாள் ஜூடித்.

அம்புஜம் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

இப்போது வியாழக்கிழமை காலை, மணி பத்தரை. தாசரஹள்ளி வீட்டின் சாப்பாட்டு மேஜையில் ஒரு முனையில் ஜூடித், மறுமுனையில் பிரபா. நடுவில் ஒரு பாத்திரம் நிறைய ஊறவைத்த அவரைக்காய் விதை. தை மாதத்து அவரை. ஒவ்வொன்றாகப் பிதுக்கி, தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தாள் பிரபா.

பிரபா, ஜூடித்தின் கணவன் அருண்குமாருக்கு அக்கா. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பீன்யாவில் ஆஸ்பத்திரிகளுக்கு, கத்தி கத்தரிகளை ஆவியில் சுத்தம் பண்ணுகிற ஸ்டெரிலைசர் செய்யும் கம்பெனியில் நான்கு வருஷமாக டெஸ்டிங் பிரிவில் வேலை. இந்த வாரம் மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். அதே கம்பெனியில்தான் அருண்குமார் டிசைன் பிரிவில் இருந்தான். மெஷினோடு போகிற இங்கிலீஷ் விளக்கப் புத்தகத்தை எழுதியவன் அவன். அதைப் பிரெஞ்சில் மாற்றுகிறவள் அவன் மனைவி. பத்து மெஷின்கள் பிரெஞ்சு பேசும் செனகல் நாட்டுக்குப் போகின்றன. நாளைக் காலையில் லாரி.

பிரபாவுக்குப் பருப்பு பிதுக்குவது கை பார்த்துக்கொள்கிற வேலை. கண் முழுக்க ஜூடித் மேல்தான்.

அவள் வேலை செய்வதைப் பார்க்கச் சலிக்கவே சலிக்காது. பெரிய அகராதி ஒன்று, முதுகு பிய்ந்து, ஆஸ்பத்திரி பிளாஸ்திரி போட்டு ஒட்டியது. ஒரு சொல்லுக்காக அதைத் திறப்பாள். பார்ப்பாள். பென்சிலால் பல்லைத் தட்டுவாள். எழுதுவாள். எழுதியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து, முகத்தைச் சுளித்து அடித்துவிடுவாள். மறுபடி அகராதி. சில வாக்கியங்களுக்கு அரைமணி நேரம்கூட ஆகும். கடைசியில் சரியாக வந்துவிட்டால் சின்னதாக ஒரு 'ம்'. அந்த 'ம்'முக்காகவே பிரபா காத்திருப்பாள்.

"இன்னிக்கு என்ன தகராறு?" என்றாள் பிரபா.

"வால்தாங்க்கா."

"வாலா?"

"புட்னு ஒரு வார்த்தை இருக்கில்ல? சாதுவான மாடு. அதுக்குப் பின்னாடி ஒரு வாலை மாட்டினா மாடே மாறிடும். புட் ஆன்னா போட்டுக்கறது. புட் அவுட்னா நெருப்பை அணைக்கறது. புட் ஆஃப்னா நாளைக்குப் பாக்கலாம்னு தள்ளறது. புட் அப் வித்னா சகிச்சுக்கறது. அதுக்கு ரெண்டு வால்."

"நீ எங்கம்மாகிட்ட பண்றியே, அதுவா?"

ஜூடித் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பிரெஞ்சுல இந்த மாதிரி வால் கிடையாதுக்கா. ஒவ்வொண்ணுக்கும் தனி ஆள் வரணும். அணைக்கறதுக்கு எத்தேந்த்ர். தள்ளிப்போட ரெமெத்ர். சகிச்சுக்க சுப்போர்த்தே. மாட்டைப் பாத்து எழுதினா போச்சு. வாலைப் பாத்து ஆளைக் கூப்பிடணும்."

பிரபா நாலைந்து பருப்பைப் பிதுக்கும் நேரம் யோசித்தாள்.

"நம்மகிட்டயும் வால் இருக்கே ஜூடித்."

"எங்க?"

"சொல்லுன்னு வச்சுக்க. சொல்லிக் குடுன்னா பாடம். சொல்லி வைன்னா முன்கூட்டியே. சொல்லித் தொலைன்னா கோவம். சொல்லிக் காட்டுன்னா..." பிரபா சமையலறையைக் கண்ணால் காட்டினாள். "தினம் சாயங்காலம் டிவிக்கு நடுவுல நடக்கறது."

ஜூடித் பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள்.

"அக்கா, நீங்க இதை எங்க படிச்சீங்க?"

"படிச்சா? நானா?" பிரபா வெட்கப்பட்டுப் பருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"எங்க பிரெஞ்சு மிஸ் ஒரு வருஷம் சொல்லிக் குடுத்ததை நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்க." ஜூடித் அந்த நான்கையும் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். "எல்லாத்துலயும் பெரிய போக்கிரி எது தெரியுமா? கோ ஆஃப். குண்டு வெடிச்சாலும் கோ ஆஃப். பால் கெட்டாலும் கோ ஆஃப். கிளம்பிப் போனாலும் கோ ஆஃப். மணி அடிச்சாலும் கோ ஆஃப்."

"ஆஃப்னா நிக்கறது இல்லையா?"

"அங்கதான் எல்லாரும் விழுவாங்க. கடிகாரத்துல அலாரம் கோ ஆஃப் ஆச்சுன்னா நின்னுச்சுன்னு அர்த்தம் இல்ல. அடிச்சுதுன்னு அர்த்தம். பதினாலாம் பக்கத்துல அப்படி ஒண்ணு வந்துச்சு. வேற யாராவதுன்னா நின்னு போச்சுன்னு போட்டிருப்பாங்க. நான் ஸ டேக்லான்ஷேன்னு போட்டேன். அடிக்க ஆரம்பிக்கறது."

சொல்லிவிட்டு அந்த 'ம்'மைப் போட்டாள்.

இந்தப் பெண்ணைக் கம்பெனி விட்டுவிடக் கூடாது என்று பிரபா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

மதியம் ஒன்றரைக்குக் கிளம்பும்போது, ஜூடித் ஒரு ஃப்ளாப்பியையும் அச்செடுத்த தாள்களையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு அவள் கையில் கொடுத்தாள். "பத்திரமா குடுத்துடுங்கக்கா."

"சும்மாவா, ஆப்பிரிக்கா போற பொருளாச்சே" என்று கவரை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள் பிரபா. கேட்டில் காத்திருந்த அருண்குமார் அதை வாங்கிக்கொண்டு ஓடினான். நாலு மணிக்குப் பிரஸ்ஸிலிருந்து ஆள் வருவான்.

டெஸ்டிங் பிரிவில் எப்போதும்போல ஆவியும் சூடும். அன்றைக்குக் கடைசி மூன்று மெஷின்கள் பாக்கி. தண்ணீர் ஊற்றி, கதவை மூடி, சக்கரத்தை இறுக்கி, சூடேற்றினார்கள். வேலை முடிந்ததும் மெஷினில் பஸ்ஸர் மணி கத்தத் தொடங்கும். உள்ளே இருக்கிற ஆவி முழுக்க வெளியே போகிறவரை கத்திக்கொண்டே இருக்கும். அது அடங்கிய பிறகுதான் கதவில் கை வைக்க வேண்டும். இது சின்ன மாடல். தானாகப் பூட்டிக்கொள்கிற கதவெல்லாம் பெரிய மாடலில்தான்.

பஸ்ஸர் கத்தியது. கத்தி அடங்கியது.

"ஆஃப் ஆய்த்து, பிரபா. டோர் தெற" என்றார் சூப்பர்வைசர் கோவிந்தப்பா, கன்னடம் கலந்து. ஒரு நாளைக்கு இருபது தடவை அவர் சொல்லும் வார்த்தைதான்.

பிரபாவின் கை சக்கரத்தின் மேலேயே நின்றுவிட்டது.

ஆஃப் ஆயிற்று. இந்தக் கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தண்ணி மோட்டார் ஆஃப். கரண்ட் ஆஃப். பஸ்ஸர் ஆஃப். தம்பியும் அப்படித்தான் சொல்வான். அப்படியென்றால் தம்பி அப்படித்தானே எழுதியும் இருப்பான்? மெஷினில் மணி என்று ஒன்று அடிப்பது ஒரே இடத்தில்தான். அது இந்தக் கதவைத் திறக்கிற இடம்.

"ஏனம்மா, கை சுட்டுடுச்சா?"

"இல்லண்ணா. அஞ்சு நிமிஷம். ஆபீஸ் வரைக்கும்."

"ஆபீஸா? நீயா?" கோவிந்தப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். நான்கு வருஷத்தில் சம்பளச் சீட்டில் எழுத்துத் தப்பு வந்தபோதுகூட ஆபீஸ் படி ஏறாதவள். "ஹோகு ஹோகு, போம்மா. என்னமோ ஆயிருக்கு."

மணி மூன்றே முக்கால். ஆபீசில் மேனேஜர் வெங்கடராமன் தன் மேஜையில் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிரஸ் ஆள் ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அருண்குமார் ஃப்ளாப்பியை ஓர் உறையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா! இங்க ஏன் வந்தே? அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல."

"பின்ன?"

பிரபா சட்டை நுனியைத் திருகினாள். இத்தனை பேர் பார்க்கிறார்கள்.

"சொல்லித் தொலைக்கா. சார் பாக்கறாரு" என்றான் அருண்குமார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பதினாலாம் பக்கத்துல, கதவு தெறக்கற இடத்துல, நீ என்ன எழுதியிருக்கே?"

அவன் புரட்டிப் படித்தான். "ஓப்பன் தி டோர் வென் தி பஸ்ஸர் கோஸ் ஆஃப். பஸ்ஸர் ஆஃப் ஆனதும் கதவைத் தெற. சரியாத்தான இருக்கு?"

"இங்கிலீஷ்ல கோ ஆஃப்னா மணி அடிக்க ஆரம்பிக்கறதாம். ஜூடித் அப்படித்தான் பிரெஞ்சுல போட்டிருக்கா. பஸ்ஸர் அடிச்ச உடனே தெறன்னு."

அருண்குமார் அந்த வரியின் மேல் விரலை வைத்தான். "அது எப்படி... ஆஃப்னா ஆஃப்தானே?"

மேனேஜர் பேனாவை மூடினார். "நீங்க யாரும்மா?"

"டெஸ்டிங்ல இருக்கேன் சார். பிரபா."

"பஸ்ஸர் அடிக்கும்போது கதவைத் தெறந்தா என்ன ஆகும்?"

பிரபா வலது கை சட்டையை முழங்கைவரை ஏற்றிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து மேலே, தோல் வெளுத்துச் சுருங்கி, ஒரு வெற்றிலை அகலத்துக்கு இருந்தது.

"புதுசுல, ரெண்டு செகண்ட் அவசரப்பட்டுட்டேன் சார். நர்சுங்க குனிஞ்சு தெறப்பாங்க. மூஞ்சியில அடிக்கும்."

பிரஸ் ஆள் தானாகவே ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டான்.

அருண்குமார் வீட்டுக்குப் போன் போட்டான். எடுத்தது அம்புஜம்.

"அம்மா, ஜூடித்தைக் கூப்புடு."

"துணி காயப்போடறா. என்ன விஷயம்?"

"கூப்புடும்மா. புக்குல ஒரு சிக்கல்."

"நான் அப்பவே நெனச்சேன்" என்று அம்புஜம் சொன்னது பிரபாவுக்கும் கேட்டது. ஆனால் அடுத்த நொடியே, "ஏய் ஜூடித்! துணியை அப்படியே போட்டுட்டு ஓடியா, கம்பெனியிலேர்ந்து!" என்ற குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அரைமணியில் ஜூடித் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் அகராதி. புடவைத் தலைப்பில் ஒரு துணி கிளிப் மாட்டியிருந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அத்தைதான் ஆட்டோவை மறிச்சாங்க. கன்னடத்துல டிரைவரை ஒரு பிடி பிடிச்சு, ஏறு ஏறு, பேச்சு அப்புறம்னு என்னை உள்ள தள்ளிவிட்டாங்க" என்று பிரபாவின் காதில் சொன்னாள்.

மேனேஜர் அந்த வரியைக் காட்டினார். ஜூடித் நின்றபடியே படித்தாள். பிரபா ஆபீசுக்கு வந்து சொன்னதை எல்லாம் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அகராதியை அவள் திறக்கவேயில்லை.

"சந்தேகம் வந்த இடத்தையெல்லாம் இவர்கிட்ட கேட்டேன் சார்" என்றாள் மெதுவாக. "இந்த இடத்துல எனக்குச் சந்தேகமே வரலை. ரொம்ப நல்லாத் தெரியும்னு நெனச்சேன்."

"சரி. தப்பு யார்மேல?" என்றார் மேனேஜர்.

அருண்குமார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மாதம்தான் அவன் பெயர் சீனியர் பதவிக்குச் சிபாரிசாகப் போயிருந்தது. இத்தனை பேர் நடுவே, உங்கள் எஞ்சினீயருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஜூடித் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பிரெஞ்சு நூற்றுக்கு நூறு சரி என்று நிலைநாட்டிவிடலாம்; வேலையும் நிலைத்துவிடும்.

பிரபா ஜூடித்தைப் பார்த்தாள். சொல்லிக் காட்டுவாளா?

"அவர் எழுதினது இங்க பேசற இங்கிலீஷ். இங்க எல்லாருக்கும் புரியும் சார். நான் எழுதின பிரெஞ்சு, புத்தகத்துல இருக்கற இங்கிலீஷுக்கு. ரெண்டும் மெஷினைப் போய்ப் பாக்கலை. நான் மெஷினைப் பாக்காம எழுதினேன். அதுதான் தப்பு."

போன மாதம் ஜூடித் மெஷினைப் பார்க்க அனுமதி கேட்டிருந்தாள். வெளியாட்களுக்கு டெஸ்டிங் பிரிவில் இடமில்லை என்று மறுத்தவர் மேனேஜர்தான். டிராயரைத் திறந்து, பாஸ் ஒன்றை எடுத்து, தன் கையாலேயே பெயர் எழுதி நீட்டினார்.

"முழு புக்கையும் மெஷின் முன்னாடி வச்சுப் பாத்துடுங்க. பிரஸ் ஆறு மணி வரைக்கும் காத்திருக்கும்."

டெஸ்டிங் கூடத்தில் அதற்கப்புறம் நடந்ததைப் பிரபா வாழ்நாளில் மறக்கமாட்டாள். ஜூடித் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றாள். புத்தகத்தில் வால் முளைத்த சொற்கள் மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றாகப் படித்து, "இதைச் செஞ்சு காட்டுங்கக்கா" என்பாள். பிரபா செய்து காட்டுவாள். கண்ணால் பார்த்த பிறகுதான் பிரெஞ்சைத் தொடுவாள்.

"பில்ட் அப்."

பிரபா ஆவியின் அழுத்தத்தைக் காட்டும் முள்ளைச் சுட்டினாள். முள் மெல்ல ஏறியது.

"ஏறுது. மோன்த்தே. சரி. கட் அவுட்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் கோவிந்தப்பா. "தியேட்டர் முன்னாடி நிக்குமே, அறுபது அடிக்கு."

கூடமே சிரித்தது. ஜூடித் சிரித்துக்கொண்டே ஹீட்டர் தானாக நிற்பதைப் பார்த்தாள். சரி என்று கோடு போட்டாள்.

பதினான்காம் பக்கம் வந்தது. பஸ்ஸர் கத்தியது. ஜூடித் கண்ணை மூடிக்கொண்டு, அது அடங்குகிறவரை கேட்டாள். அடங்கிய பிறகும் கொஞ்சம் நின்றாள். பிறகு பழைய சொல்லை அடித்து எழுதினாள்: ஸாரெத்தே. நிற்பது. அதற்கு முன்னால் இன்னொரு வரியும் சேர்த்தாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தொடாதீர்கள்.

"ம்" என்றாள்.

தன் கைத் தழும்பை யாரோ தடவிக்கொடுத்ததுபோல் இருந்தது பிரபாவுக்கு.

ஆறு மணிக்கு ஆபீசிலிருந்து பிரஸ் ஆள் புதுத் திருத்தங்களோடு கிளம்பினான். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த புக்கும் நீங்கதான்மா. இனிமே எல்லா புக்கும் இப்படித்தான், மெஷின் முன்னாடி. இந்தம்மாவும் கூட இருக்கணும்" என்று பிரபாவைக் காட்டினார்.

பிரபாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஜூடித் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அம்மாவுக்கு இதை யார் முதலில் சொல்வது என்று இரண்டு பேர் கண்ணும் ஒரே சமயத்தில் போட்டி போட்டன.

"சார்" என்றான் அருண்குமார்.

அவன் அலமாரி முன்னால் நின்றிருந்தான். கையில் நீல அட்டை போட்ட இங்கிலீஷ் புத்தகம். அவன் எழுதியது. அச்சில் வந்தது.

"இது... நைரோபிக்குப் போயிடுச்சே சார். பன்னெண்டு மெஷினோட. மூணு வாரம் ஆச்சு. இந்த வாரம் ஆஸ்பத்திரியில மாட்டறதா லெட்டர் வந்துச்சு."

நைரோபியில் பிரெஞ்சு வேண்டாம். அங்கே நல்ல இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஜூடித்துக்குப் புரிந்தமாதிரியே, ரொம்ப நன்றாக, சந்தேகமே வராமல் அவர்களுக்கும் புரியும்.

மேனேஜர் டெலிபோனை எடுத்தார். "யார் பேசறீங்க? ஜூடித், நீங்க நல்லாப் பேசுவீங்க."

"வேண்டாம் சார். எழுதினது நான். நானே பேசறேன்" என்றான் அருண்குமார்.

ஜூடித் அவனை ஒரு கணம் பார்த்தாள். காலையில் பிரபாவின் நான்கு சொற்களை எழுதிவைத்த காகிதம் அகராதிக்குள் இருந்தது. அதைத் திருப்பி, இங்கிலீஷில் ஒரே ஒரு வரி எழுதி அவன் முன்னால் வைத்தாள். பிரபா எழுத்துக் கூட்டிப் படித்தாள். வெயிட் அன்டில் தி பஸ்ஸர் ஸ்டாப்ஸ். எந்தச் சொல்லுக்கும் வால் இல்லை.

அருண்குமார் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினான். கடல் தாண்டி, எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் மணி அடிக்கத் தொடங்கியது. ரிசீவரிலிருந்து அந்தச் சத்தம் மெலிதாக அறைக்குள் கேட்டது. அங்கே இப்போது மதியம் மூன்றரை. யாராவது ஒரு நர்ஸ் வராந்தாவில் நடந்து வந்துகொண்டிருக்கலாம். அல்லது எல்லோரும் வேறு ஏதோ ஓர் அறைக்கு ஓடியிருக்கலாம்.

ஆறு முறை. ஏழு. எட்டு.

மணி நின்றது.

அருண்குமார் பேச வாயைத் திறந்தான். எடுத்துவிட்டார்களா, அறுந்துவிட்டதா என்று அவன் முகத்திலிருந்து பிரபாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.